ஆக்சிலை நகர்த்துவதா, மூட்டையை நகர்த்துவதா

எடை மேடையில் வண்டியை ஏற்றி இறக்கினால் கையில் ஒரு சீட்டு வரும். மொத்த எடை, வெற்று வண்டி எடை, சரக்கு எடை. ‘அளவுக்குள்தான் இருக்கு’ என்று அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அந்தச் சீட்டில் இல்லாத ஒரு கணக்கு இருக்கிறது: முன் ஆக்சில் (சக்கர அச்சு) எவ்வளவு சுமக்கிறது, பின் ஆக்சில் எவ்வளவு சுமக்கிறது. மொத்தம் சரியாக இருக்கும்போதே ஒரு ஆக்சில் மட்டும் தன் சக்திக்கு மேல் தாங்கிக்கொண்டிருக்கும். பின் டயர் சூடேறி வெடிக்கிறதா, கமான் பட்டை (ஸ்பிரிங் பட்டை) அடிக்கடி உடைகிறதா, வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கிறதா, முதலில் இந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு நீடாமங்கலம் பக்கம். சில வருடங்கள் கனடாவில் இருந்துகொண்டு அமெரிக்காவுக்குள் 53 அடி ட்ரெய்லர் ஓட்டினேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஆறு சக்கர லாரி ஒன்றை வைத்து, அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் ஏற்றுகிறேன். மற்ற மாதங்களில் கிடைக்கிற சரக்கு. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கத்துப் பையன்கள் வளைகுடாவில் ஹெவி லைசென்ஸ் எடுத்து ஓட்டிவிட்டு, அங்கிருந்து கனடாவுக்கு முயற்சி செய்கிறார்கள். லீவில் வரும்போது என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “அண்ணே, அங்க ட்ரெய்லர்ல பின் ஆக்சிலையே முன்னாடி பின்னாடி நகர்த்தணுமாமே, அது எப்படிண்ணே?”

அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஊரில் நெல் ஏற்றுகிறவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. சொல்லப்போனால் எனக்கு அந்தப் பகுதிதான் இன்னும் முக்கியமாகப் படுகிறது.

நம் பக்கம் மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். மூட்டை ஏற்றும்போதே ‘முன்பாரமா இருக்கு, ரெண்டு மூட்டையைப் பின்னால தள்ளு’ என்பார்கள். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும், கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். இரண்டு நிலையிலும் வண்டியில் இருப்பது அதே மூட்டைகள்தான். அச்சுக்கு முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்பதைப் பொறுத்து மாடு படுகிற பாடு மாறும். ட்ரெய்லரும் இதே கணக்குத்தான். மாடு நிற்கிற இடத்தில் இழுவை வண்டி நிற்கிறது. ட்ரெய்லரின் முன்பக்கம் அதன் முதுகில் உட்கார்ந்திருக்கிறது, பின்பக்கத்தை ட்ரெய்லரின் இரட்டை ஆக்சில் தாங்குகிறது. மாட்டு வண்டியில் மூட்டையை மட்டும்தான் நகர்த்த முடியும். அந்த ட்ரெய்லரில் சரக்கைத் தொடாமல் அச்சையே நகர்த்தலாம்.

அப்படி ஒரு வசதி இல்லாவிட்டால் அங்கே டிரைவர் பாடு திண்டாட்டம்தான். சரக்கை ஏற்றுவது கிடங்குக்காரர்கள். கதவைச் சாத்தி முத்திரை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே எது எங்கே இருக்கிறது என்றே சில நேரம் தெரியாது. எடை போட்டுப் பார்த்து ஒரு பக்கம் கூடியிருந்தால் முத்திரையை உடைத்துச் சரக்கை மாற்றி வைக்க டிரைவருக்கு உரிமை இல்லை. ஆக்சிலை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் திரும்பக் கிடங்குக்கே போக வேண்டும்.

அமெரிக்காவின் பெரிய நெடுஞ்சாலைகளில் மொத்த எடை 80,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். நம் கணக்கில் 36 டன்னுக்குச் சற்று மேல். அதற்குள்ளேயே இன்னொரு கட்டு உண்டு. இழுவை வண்டியின் இரட்டை ஆக்சிலுக்கு 34,000 பவுண்டு, ட்ரெய்லரின் இரட்டை ஆக்சிலுக்கு 34,000 பவுண்டு. ஸ்டியரிங் ஆக்சில் பெரும்பாலும் 12,000 பவுண்டையொட்டி. கனடாவில் ஐந்து ஆக்சில் வண்டிக்கு 39,500 கிலோ வரை விடுகிறார்கள். இரட்டை ஆக்சிலுக்கு 17,000 கிலோ, ஸ்டியரிங்குக்கு 5,500. எல்லை தாண்டிப் போகிற சரக்கென்றால் அமெரிக்க அளவைத்தான் மனதில் வைத்து ஏற்ற வேண்டும்.

அங்கே நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் எடை மேடை மூன்று தனித்தனித் தட்டுகளாக இருக்கும். ஸ்டியரிங் ஆக்சில் ஒன்றில், டிரைவ் ஆக்சில்கள் (இழுவை வண்டியின் இரட்டை ஆக்சில்) ஒன்றில், ட்ரெய்லர் ஆக்சில்கள் ஒன்றில் நிற்கும்படி நிறுத்தினால் சீட்டில் மூன்றும் தனியாக வந்துவிடும். உதாரணத்துக்கு ஒரு சீட்டு: ஸ்டியரிங் 11,900, டிரைவ் 34,900, ட்ரெய்லர் 32,600. மொத்தம் 79,400, அளவுக்குள் இருக்கிறது. ஆனால் டிரைவ் ஆக்சிலில் 900 பவுண்டு கூடுதல். வழியில் சோதனை மேடையில் பிடித்தால் அபராதம் கட்டியாக வேண்டும்.

இப்போது ஆக்சிலை எந்தப் பக்கம் தள்ளுவது? கற்றுக்கொள்கிறவர்கள் குழம்புகிற இடம் இது. எங்கே கனம் கூடியிருக்கிறதோ, ட்ரெய்லர் ஆக்சிலை அந்தத் திசையில் நகர்த்த வேண்டும். டிரைவ் பக்கம் கூடியிருந்தால் முன்னால் கொண்டுவர வேண்டும். அது சரக்கின் நடுவுக்குப் பக்கத்தில் வந்து அதிகம் சுமக்கும், டிரைவ் ஆக்சிலுக்குப் பாரம் குறையும். ட்ரெய்லர் பக்கம் கூடியிருந்தால் பின்னால் தள்ள வேண்டும். ஆக்சில் நகர்கிற சட்டத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும், ‘பின்’ என்கிற இரும்பு முளைகள் அவற்றில் செருகி ஆக்சிலைப் பிடித்து நிற்கும். எத்தனை துளை நகர்த்துவது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. துளைகளுக்கு இடையே 4 அங்குலம் இருந்தால் ஒரு துளைக்கு ஏறக்குறைய 250 பவுண்டு இடம் மாறும். 6 அங்குலம் இருந்தால் 400. மேலே சொன்ன சீட்டுக்கு 6 அங்குலத் துளையில் மூன்று துளை முன்னால் கொண்டுவந்தால் டிரைவ் 33,700, ட்ரெய்லர் 33,800 என்று வரும். ஸ்டியரிங் பெரிதாக மாறாது. அதை மாற்ற வேண்டுமென்றால் ட்ரெய்லர் உட்காருகிற ஃபிஃப்த் வீலை நகர்த்த வேண்டும், அது வேறு வேலை.

டீசலை மறந்துவிடக் கூடாது. ஒரு காலன் டீசல் சுமார் 7 பவுண்டு. 100 காலன் நிரப்பினால் 700 பவுண்டு, அத்தனையும் இழுவை வண்டியின் மேல்தான் ஏறும். டேங்க் காலியாக இருக்கும்போது எடை போட்டு, சரியாக இருக்கிறது என்று நம்பி, அப்புறம் டேங்க்கை நிரப்பினால் போட்ட கணக்கெல்லாம் வீண். நான் எப்போதும் நிரப்பிய பிறகே மேடைக்குப் போவேன்.

அப்புறம் நகர்த்துகிற வேலை. சமதளமான இடமாக இருக்க வேண்டும், இழுவை வண்டியும் ட்ரெய்லரும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சரிவில் இதைத் தொடவே கூடாது. இரண்டு பிரேக்கையும் போட்டுவிட்டு இறங்கிப் போய், பின்கள் இப்போது எந்தத் துளையில் இருக்கின்றன என்று பார்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு, போக வேண்டிய துளையில் இன்னொரு கோடு போட்டுவிடுங்கள். வண்டிக்குள் திரும்பி உட்கார்ந்தபின் எத்தனை துளை என்ற சந்தேகம் வராது.

ட்ரெய்லர் பாடிக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றில் வரிசையாகத் துளைகள். இரட்டை ஆக்சிலின் சட்டம் அவற்றோடு ஒட்டி நகரும். பொதுவாக நான்கு பின்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிலுக்குச் சற்று முன்னால், டிரைவர் பக்கத்தில் ஒரு நீளக் கைப்பிடி இருக்கும். அதை இழுத்து அதற்கான வெட்டில் மாட்டிவிட்டால் நான்கு பின்களும் துளையை விட்டு உள்ளே போகும். சில ட்ரெய்லர்களில் காற்றழுத்தப் பொத்தானே உண்டு. எதுவாக இருந்தாலும் நான்கு பின்னும் துளையை விட்டு விலகிவிட்டனவா என்று குனிந்து கண்ணால் பாருங்கள். மூன்று விலகி ஒன்று மாட்டிக்கொண்டிருக்க, வண்டியை எடுத்தால் அந்த ஒன்று வளைந்துபோகும்.

வண்டிக்குள் இரண்டு குமிழ்கள் இருக்கும். மஞ்சள் இழுவை வண்டியின் பிரேக், சிவப்பு ட்ரெய்லருக்குக் காற்று போகும் வழி. சிவப்பை வெளியே இழுத்தபடியே விட வேண்டும், அப்போதுதான் ட்ரெய்லர் சக்கரங்கள் அசையாமல் பிடித்து நிற்கும். மஞ்சளை மட்டும் உள்ளே தள்ளி, கீழ் கியரில் நூல் பிடித்த மாதிரி நகர்த்துங்கள். சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்க, மேலே பாடி மட்டும் நகரும். அதனால் வண்டி முன்னால் போனால் ஆக்சில் பின்னால் போகும், வண்டியை ரிவர்ஸ் எடுத்தால் ஆக்சில் முன்னால் வரும். இதை வாயால் ஒருமுறை சொல்லிவிட்டுக் கியரைப் போடுவது நல்லது.

சாக்பீஸ் கோட்டுக்கு வந்ததும் மறுபடி பிரேக் போட்டு இறங்கி, கைப்பிடியை விட்டுவிடுங்கள். பின்கள் உடனே துளையில் விழாது. துளைக்குச் சற்று முன்போ பின்போ நிற்கும். மறுபடி ஏறி மெதுவாக ஓர் அங்குலம் அசைத்தால் ‘டக்’கென்று விழும். சத்தம் கேட்டால் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். இறங்கி நான்கையும் பாருங்கள். துளைக்கு வெளியே பின்னின் முனை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சிவப்பு வெளியே இருக்கும்போதே முன்னும் பின்னும் மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் சிவப்பை உள்ளே தள்ளி ட்ரெய்லருக்குக் காற்றை விடுங்கள். அடியில் காற்றுக் குழாயும் ஒயரும் எதிலும் சிக்காமல், தரையில் உரசாமல் தொங்குகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பின்கள் சரியாக விழாமல் சாலையில் ஏறி ஒரு பிரேக் அடித்தால் மேலே இருக்கிற பாடி அத்தனை எடையோடும் ஆக்சிலைத் தாண்டி முன்னால் பாயும். கடைசியில் இருக்கிற தடுப்புக் கம்பி தாங்கினால் தப்பித்தோம்.

பின் வராமல் சண்டித்தனம் செய்வதுதான் உண்மையான தலைவலி. அங்கே குளிர்காலத்தில் பனி உருக சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். வேதாரண்யத்தில் உப்பு ஏற்றுகிற லாரிகளின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தவர்களுக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று தெரியும். பின்னும் துளையும் துருவால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பெரும்பாலான நேரம் துருவை விடப் பாரம்தான் காரணம். பாடி முழுக்கப் பின்னின் ஒரு பக்கத்தில் சாய்ந்து நிற்கும், கைப்பிடியைத் தொங்கி இழுத்தாலும் அசையாது. கைப்பிடியை இழுத்து வெட்டில் மாட்ட முடிகிற அளவுக்கு மாட்டிவிட்டு, வண்டிக்குள் போய் முன்னும் பின்னும் ஓர் அங்குலம் ஆட்டினால் பாரம் விலகும் நொடியில் பின் தானாக உள்ளே போகும். நான்கில் ஒன்று மட்டும் அடம்பிடித்தால், பிரேக் எல்லாம் போட்டபின் துரு இளக்குகிற எண்ணெய் விட்டுச் சற்று நேரம் பொறுத்து, சுத்தியலால் தட்டலாம்.

வேறொரு ஆளைக் கைப்பிடி பக்கத்தில் நிற்க வைத்து ‘நீ இழு, நான் ஆட்டுறேன்’ என்று செய்கிற பழக்கம் உண்டு. நேரம் மிச்சமாகும். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாடி நகர்கிற நேரத்தில் சக்கரத்துக்கு முன்னால் ஒரு மனுஷன் நிற்கிறான். அவன் கால் இடறினால் கண்ணாடியில் பார்த்து நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துபோகும். தனியாகச் செய்தால் நாலு தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கும், மழையோ பனியோ என்றால் இன்னும் கஷ்டம். பரவாயில்லை, ஏறி இறங்குங்கள். துளையில் பின் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். ஆக்சிலேட்டரை மிதித்துக் கிளட்ச்சை உதறிப் பிடுங்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஒன்று பின் உடையும், இல்லாவிட்டால் உள்ளே சரக்கு சரியும்.

ஆக்சிலை நகர்த்தியபின் வண்டி வேறு வண்டியாகிவிடும். பின்னால் தள்ளியிருந்தால் வளைவில் ட்ரெய்லர் சக்கரம் உள்பக்கமாக நிறைய அறுத்துக்கொண்டு வரும், ஓரத்துக் கம்பத்தையும் நடைபாதையையும் பார்த்து அகலமாகத் திருப்ப வேண்டும். முன்னால் கொண்டுவந்திருந்தால் சுலபமாகத் திரும்பும். ஆனால் ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற வால் எதிர்ப்பக்கம் வீசும், பக்கத்தில் நிற்கிற வண்டியை அது அடித்துவிடும். சட்டமும் குறுக்கே வரும். கலிபோர்னியாவில் 53 அடி ட்ரெய்லருக்கு, ஃபிஃப்த் வீலில் மாட்டுகிற கிங்பின்னிலிருந்து கடைசி ஆக்சிலின் நடு வரை 40 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. எடைக்காக அதற்கு மேல் பின்னால் தள்ளிவிட்டு அந்த மாநிலத்துக்குள் போனால் எடை சரியாக இருந்தும் குற்றம்தான். போகிற வழியில் என்னென்ன மாநிலம் வருகிறது என்று பார்த்துத்தான் துளையை முடிவு செய்ய வேண்டும்.

போகப்போகிற தம்பிகளுக்கு இவ்வளவு போதும். மிச்சத்தைக் கை பழகிக்கொள்ளும்.

இனி நம் ஊர்.

நம் ஆறு சக்கர, பத்துச் சக்கர லாரிகளில் ஆக்சில் நகராது. அதனால் மூட்டைதான் நகர வேண்டும். அங்கே முத்திரை போட்ட கதவு டிரைவரின் கையைக் கட்டிவிடுகிறது. இங்கே ஏற்றுகிற இடத்திலேயே நாம் நிற்கிறோம், ஒவ்வொரு மூட்டையும் நம் கண் முன்னால்தான் ஏறுகிறது. கையில் இருக்கிற இந்த வசதியை நாம் பயன்படுத்துவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடையை உயர்த்தியது. முன்னால் இரண்டு டயர் உள்ள ஆக்சிலுக்கு 6 டன்னாக இருந்தது 7 ஆனது, பின்னால் நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது. இரட்டை ஆக்சில் 19 டன்னிலிருந்து 21. ஆறு சக்கர வண்டிக்கு மொத்தம் 18.5 டன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு ஏமாறக் கூடாது. ஆர்சி புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கு அளவு. தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதோடு மிகுதிச் சரக்கை இறக்குகிற செலவும் நம் தலையில்.

கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டைக்கு 40 கிலோ நெல். 25 மூட்டை ஒரு டன். வெற்று வண்டி 6.5 டன் என்றால் இன்னும் 12 டன், அப்படியானால் 300 மூட்டை என்று மனக்கணக்குப் போடுகிறோம். சாக்கின் எடை அதில் இல்லை. ஒரு சணல் சாக்கு அரைக் கிலோவுக்கு மேல் வரும். 300 சாக்கென்றால் 150 கிலோவைத் தாண்டும். மழையில் நனைந்த தார்பாய், கயிறு, ஸ்டெப்னி, வண்டியில் ஏறுகிற ஆட்கள் எல்லாம் இதற்கு மேல்.

இப்போது ஆக்சில் கணக்கு. நம் எடை மேடைகளில் ஒரே தட்டுதான். ஆனாலும் ஆக்சில் எடை எடுக்கலாம். முன் சக்கரம் மட்டும் தட்டில் ஏறியதும் நிறுத்தி எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு முழு வண்டியையும் ஏற்றி மொத்தத்தைப் பாருங்கள். மொத்தத்தில் முன்னதைக் கழித்தால் பின் ஆக்சில் எடை. மேடைக்கு ஏறுகிற பாதையும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சாய்வாக இருந்தால் எண் தப்பாக வரும். மேடைக்காரரிடம் “அண்ணே, முன் வீல் மட்டும் ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டால் கூட்டம் இல்லாத நேரத்தில் யாரும் மறுப்பதில்லை.

மொத்தம் 18.3 டன், முன் ஆக்சில் 5.6, பின் ஆக்சில் 12.7 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். நெல் லாரிகளில் இப்படித்தான் பின்பக்கம் கூடும். மொத்தம் அளவுக்குள், பின் ஆக்சிலில் 1.2 டன் கூடுதல். இதைச் சரிசெய்ய ஒரு மூட்டையைக்கூட இறக்க வேண்டியதில்லை. நகர்த்துகிற எடையை நகர்த்துகிற தூரத்தால் பெருக்கி, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுத்தால் எவ்வளவு பாரம் இடம் மாறும் என்று வந்துவிடும். இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 5 மீட்டர் என்றால், 50 மூட்டையை, அதாவது 2 டன்னை, 3 மீட்டர் முன்னால் கொண்டுபோய் வைத்தால் 1.2 டன் பின்னாலிருந்து முன்னால் போகும். முன் ஆக்சில் 6.8, பின் ஆக்சில் 11.5. இரண்டும் அளவுக்குள் வந்துவிட்டன.

பின் ஆக்சிலைத் தாண்டி வால் பக்கத்தில் வைக்கிற மூட்டைதான் அதிகக் கெடுதல் செய்கிறது. ஆக்சிலுக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி 25 மூட்டை வைத்தால், பின் ஆக்சிலில் 1,000 கிலோவோடு நிற்காது, 1,200 ஏறும். அந்த மிகுதி 200 கிலோ முன் ஆக்சிலைத் தூக்கிவிடுகிறது. கைக்கு ஸ்டியரிங் இலேசாக இருப்பது சுகமாகத் தோன்றும். ஈரச் சாலையில் வளைவெடுக்கும்போதுதான் முன் டயருக்குப் பிடிப்பு இல்லை என்பது தெரியவரும்.

கொள்முதல் நிலையத்தில் மேஸ்திரியிடம் இதை எடுத்துச் சொன்னபோது அவர் கேட்டார்: “எங்க வச்சாலும் வண்டிதானே தம்பி சுமக்குது? முன்னால கேபின் வரைக்கும் தூக்கிட்டுப் போறது எங்க ஆளுங்க தலை.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள், வண்டிக்குள் நடக்கிற ஒவ்வோர் அடியும் அவர்கள் உடம்பு. அதனால் முதலில் முன்பக்கத்தை முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, அப்புறம் பின்னால் வரலாம் என்று பேசிக்கொண்டோம். அப்படிச் செய்தால் தூரம் நடக்க வேண்டிய மூட்டைகளை உடம்பில் தெம்பு இருக்கும்போதே தூக்கிவிடலாம். களைத்த நேரத்தில் தூக்குவதெல்லாம் வால் பக்கத்து மூட்டைகள். முன்னால் இரண்டு அடுக்கு அதிகம், ஆக்சிலுக்கு மேல் சமம், வாலில் ஓர் அடுக்குக் குறைவு. இதுதான் நான் ஏற்றச் சொல்கிற முறை. பாடிப் பலகையின் உயரத்தைத் தாண்டி முன்னால் குவிக்கக் கூடாது. எடை சரியாகும், ஆனால் வண்டி தலைக்கனம் ஆகிக் கவிழப் பார்க்கும். இடம் வலமும் சமமாக இருக்கட்டும்.

லிஃப்ட் ஆக்சில் (தரையிலிருந்து தூக்கி வைக்கக்கூடிய ஆக்சில்) உள்ள வண்டிக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நகர்த்துகிற ஆக்சிலுக்குப் பக்கத்தில் வருகிற சாதனம் நம்மிடம் அது ஒன்றுதான். வெறும் வண்டியில் தூக்கி வைத்தால் டயர் மிச்சம், அதில் தவறில்லை. பாரத்தோடு தூக்கினால் அது சுமந்த எடையெல்லாம் பக்கத்து ஆக்சில்களின் மேல் விழுகிறது. ஐப்பசி மழையில் கொள்முதல் நிலையத்துக் களிமண்ணில் டிரைவ் சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது, லிஃப்ட்டைத் தூக்கினால் டிரைவ் சக்கரத்துக்குப் பாரம் கிடைத்து வண்டி வெளியே வந்துவிடும். அவசரத்துக்குச் சரி. தார்ச்சாலையில் ஏறிய உடனே இறக்கிவிட வேண்டும். குறுகலான தெருவில் திருப்புவதற்குத் தூக்கியதை அப்படியே மறந்து கும்பகோணம் வரை போகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள்தான் மாதத்துக்கு ஒரு கமான் பட்டை மாற்றுகிறார்கள்.

இவ்வளவு சொல்வது வண்டிக்காக மட்டும் இல்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் தனியாகச் சாலைகள் போட்டு, அவற்றின் மேல் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். ஆக்சில் எடை கூடக் கூட சாலைக்கு ஏற்படுகிற சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் மடியில் கூடுகிறது என்று அதிலிருந்து கணக்கிட்டார்கள். ஆக்சிலில் 20 சதவீதம் கூட்டினால் சேதம் இரண்டு மடங்கு. நம் சாலைகள் எதன் மேல் நிற்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். வாய்க்கால் கரை, அடியில் களிமண், மழையில் ஊறி வெயிலில் வெடிக்கிற மண். நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று பிரிகிற தண்ணீர் அப்புறம் எத்தனை கிளை வாய்க்காலாகப் போகிறது, ஒவ்வொன்றையும் கடக்க ஒரு மதகு, ஒரு சின்னப் பாலம். லாரி போன தடத்தில் சாலை குழியாவதைப் பார்த்துவிட்டு ஒப்பந்தக்காரரை மட்டும் திட்டுகிறோம். அதே நெல்லை அதே வண்டியில் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருந்தால் அந்தப் பாலத்தில் இறங்குகிற அடி குறைந்திருக்கும். அறுவடை முடிந்ததும் அதே பாலத்தில்தான் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூட வேன் போகிறது.

ஒவ்வொரு லோடுக்கும் எடை மேடையில் இரண்டு முறை எண் பார்க்க முடியாது, அறுவடை அவசரத்தில் யாருக்கும் நேரம் இல்லை. அதற்கு நான் செய்திருப்பது இது. ட்ரெய்லரில் துளை வரிசை இருப்பதைப் போல, என் லாரியின் பாடிப் பலகையில் உள்பக்கம் பெயின்ட்டால் கோடு போட்டிருக்கிறேன். பின் ஆக்சிலின் நடு எங்கே வருகிறதோ அங்கே மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. முன்பக்கம் எத்தனை அடுக்கு, ஆக்சிலுக்கு மேல் எத்தனை, வாலில் எத்தனை என்று குறுக்கே வெள்ளைக் கோடுகள். 200 மூட்டை மட்டும் ஏற்றும் நாளில் எந்த இடத்தோடு நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு மஞ்சள் கோடு. அது சிவப்புக்கு முன்னால் இருக்கிறது, குறை லோடு என்றால் வாலில் ஒரு மூட்டைகூட ஏறாது. கோடு போடுவதற்கு முன் ஒரு முழு லோடை இரண்டு விதமாக அடுக்கி, இரண்டு முறையும் முன் வீல், மொத்தம் என்று எடை எடுத்தேன். அந்த இரண்டு சீட்டையும் வைத்தே கோடுகள் எங்கே வர வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பாடியை மாற்றினாலோ, கமான் பட்டையில் ஒன்று கூட்டிப் போட்டாலோ மறுபடி எடை எடுத்துக் கோட்டைச் சரிபார்க்க வேண்டும். பெயின்ட் ஒரு சின்ன டப்பா போதும். லோடுமேன்களுக்கு இப்போது நான் எதுவும் சொல்வதில்லை, அவர்களே கோட்டைப் பார்த்து அடுக்குகிறார்கள்.